மூச்சை மிச்சம் பிடித்தவன்

“நிப்பாட்டு மாப்ள. கொஞ்சம் பின்னாடி போ.”

ஐந்தாவது தடவை. நான் திரையில் விரலை வைத்துப் பின்னால் இழுத்தேன். மறுபடியும் அதே இடம்: 1977 செப்டம்பர் 29, நியூயோர்க், மடிசன் ஸ்குவேர் கார்டன், இரண்டாம் ரவுண்டு. மொட்டைத் தலையோடு ஏர்னி ஷேவர்ஸ் வலது கையைத் தோளுக்கு மேலாகச் சுழற்றி இறக்குகிறார். அது முகமது அலியின் தாடையில் விழுகிறது. அலியின் கால்கள் ஒரு கணம் அவருடைய கால்களாக இல்லை. அடுத்த கணம் அவர் கண்களை அகல விரித்து, வாயைப் பிளந்து, “வா, வா” என்று கையசைக்கிறார். ஷேவர்ஸ் போகவில்லை. நின்று பார்க்கிறார்.

“பாத்தியா?” என்றார் மாமா. “நின்னுட்டான்.”

என் அம்மாவின் தம்பி அவர். இலங்கை மலையகத்தில், அப்புத்தளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தெட்டு வருடம் கவ்வாத்து வெட்டியவர். இளவட்டத்தில் நான்கு வருடம் குத்துச்சண்டை பழகியவர். இந்தச் சண்டையை 45 வருடமாக அவர் பேசிக்கொண்டிருக்கிறார். ஆனால் 2022 செப்டம்பரில்தான் முதல்தடவையாகக் கண்ணால் பார்த்தார். அந்த மாதம் 1ஆம் திகதி ஷேவர்ஸ் இறந்துபோனார். 78 வயது நிறைந்த மறுநாள். கொழும்பில் செய்தியைப் படித்ததும் எனக்கு மாமா ஞாபகம்தான் வந்தது. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனபோது, கோயில் மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து சண்டை முழுவதையும் இறக்கிக்கொண்டு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்தேன். மின்வெட்டு நேரம். அத்தை குப்பி விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம்.

ஷேவர்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். உலகில் இவரைப் போல் பலமாகக் குத்திய ஹெவிவெயிட் வீரர் மிகச் சிலரே. இரண்டாவது, குத்தைத் தவிர இவரிடம் வேறொன்றும் இல்லை. முதல் பேச்சுக்குக் கணக்கே சாட்சி. 74 வெற்றி, அதில் 68 நாக்அவுட். 23 பேர் முதல் ரவுண்டே தாண்டவில்லை. இரண்டாவது பேச்சுக்கும் கணக்கில் சாட்சி உண்டு: 14 தோல்வி. அவற்றில் பல, அவரை விடத் திறமை குறைந்தவர்களிடம். நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டாவது பேச்சுக்காகத்தான். மாமா அதை ஒத்துக்கொள்வதில்லை. நான் பாதி ஒத்துக்கொண்டிருந்தேன். அந்த இரவுக்குப் பிறகு அந்தப் பாதியும் ஆட்டம் கண்டுவிட்டது.

ஷேவர்ஸ் பிறந்தது 1944இல், அலபாமா மாநிலத்தின் கார்லண்ட் என்ற சிற்றூரில். பருத்தியும் பண்ணையும் நிறைந்த தெற்கு. தகப்பனாருக்கும் ஒரு வெள்ளையருக்கும் தகராறு வர, கூ கிளக்ஸ் கிளான் கும்பலின் மிரட்டலுக்குப் பயந்து குடும்பம் வடக்கே ஒஹாயோவுக்குப் பெயர்ந்தது. இந்த இடத்தைச் சொன்னபோது மாமா ஒன்றும் பேசவில்லை. அவருடைய மூத்த அண்ணன், என் பெரிய மாமா, தமிழர்களுக்கு எதிரான 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயத்தை விட்டுப் போனவர். பெண்டாட்டி பிள்ளைகளோடு இரவு முழுவதும் தேயிலைக்குள் ஒளிந்திருந்து, விடிந்ததும் லொறியேறி, கடைசியில் வவுனியாவில் போய் நின்றார். திரும்பி வரவேயில்லை. அந்தக் கலவரம் நடந்து ஒரு மாதம் கழித்துத்தான் நியூயோர்க்கில் இந்தச் சண்டை. எங்கள் வீட்டில் அந்த வருடத்தை நினைத்தால் இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வருகின்றன.

ஷேவர்ஸ் முதன்முதலில் குத்துச்சண்டைக் கூடத்துக்குள் காலடி வைத்தபோது அவருக்கு வயது 22. இதை எத்தனை பேர் நிறுத்தி யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அலி தொடங்கியது 12 வயதில். 18 வயதில் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். 22 வயதில் சொனி லிஸ்டனை வீழ்த்தி உலக சாம்பியன். அதாவது அலி உலகத்தின் உச்சியில் ஏறி நின்ற வயதில், ஷேவர்ஸ் கையுறையை எப்படிக் கட்டுவது என்று கற்றுக்கொண்டிருந்தார். பிறகு 1969இல் அமெரிக்காவின் தேசிய அமெச்சூர் ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார். அதே வருடம் தொழில்முறைக்கு வந்தார். நடுவில் இருந்தது இரண்டு மூன்று வருடம்தான்.

சின்ன வயதில் உடம்பு கற்றுக்கொள்வதைப் பெரிய வயதில் மூளைதான் கற்றுக்கொள்ள வேண்டும். தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது, குத்து வாங்கியதும் எங்கே பிடித்துக்கொள்வது, எப்போது ஓய்வெடுப்பது, ஓய்வெடுப்பதை எதிராளி அறியாமல் எப்படி மறைப்பது. 12 வயதில் தொடங்கியவனுக்கு இதெல்லாம் யோசிக்காமல் வரும். ஷேவர்ஸ் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்தார். யோசிக்காமல் வந்தது ஒன்றே ஒன்று: அந்த வலது கை.

அந்தக் கையைப் பற்றி மாமா சொன்னதை நான் எந்த விமர்சகர் எழுத்திலும் படித்ததில்லை. தேயிலையை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். முழங்காலளவு விட்டுவிட்டு மேலே உள்ள வாதெல்லாம் போய்விடும். வாது பிளக்கக் கூடாது. சாய்வாக, ஒரே வெட்டில், வழுவழுவென்று விழ வேண்டும். பிளந்தால் மழைத்தண்ணீர் இறங்கி மரமே உளுத்துப்போகும். புதிதாக வருகிறவன் கையால் வெட்டுவான். பத்து மணிக்கே தோள் விட்டுவிடும். பழகினவனுக்கு வெட்டு கெண்டைக்காலில் தொடங்கும், இடுப்பு திரும்பும், தோள் பின்னால் வரும், கத்தி கடைசியில்தான் வரும். “இவன பாரு,” என்றார் மாமா, ஷேவர்ஸின் வலது காலைச் சுட்டிக் காட்டி. “குதிகால் எந்திரிக்குது பாரு. அங்கருந்துதான் வருது. கை சும்மா கூட வருது.” ஷேவர்ஸ் பண்ணை வேலை பார்த்து வளர்ந்தவர், பயிற்சியில்கூடக் கோடரியால் மரம் வெட்டியவர் என்று அவரிடம் சொன்னேன். மாமா ஆச்சரியப்படவில்லை. “தெரியுதே,” என்றார்.

மாமாவுக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுத்தவர் தியத்தலாவை முகாமிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சிங்களவர். தியத்தலாவையில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பட்டாளம் உண்டு. 1900இல் தென்னாபிரிக்காவிலிருந்து பிடித்துவந்த போயர் கைதிகளை ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்ததும் அங்கேதான். பட்டாளம் இருக்கிற இடத்தில் குத்துச்சண்டை இருக்கும். சாஜன் மாத்தயா, அதாவது சார்ஜன்ட் ஐயா, என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். டவுனுக்கு வெளியே தன் வீட்டுக் கொட்டிலில், உரச்சாக்கில் மணலும் மரத்தூளும் கலந்து அடைத்துத் தொங்கவிட்டிருந்தார். ஆறு பொடியன்கள், நான்கு பேர் கிராமத்தவர்கள், இரண்டு பேர் தோட்டம். மாமா சேர்ந்தபோது 19 வயது. 1974ஆம் வருடம். தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். மரவள்ளிக் கிழங்குகூடக் கிடைக்காமல் ஆட்கள் டவுனுக்கு இறங்கிப்போய்த் தெருவில் செத்துக் கிடந்த காலம். அந்த வயிற்றோடுதான் அவர் மலை இறங்கிப்போய்ச் சாக்கைக் குத்தினார்.

எடை 60 கிலோ. அதுவும் நல்ல மாதங்களில்.

எங்கள் மலையில் ஹெவிவெயிட் கிடையாது. இலங்கைக்குக் குத்துச்சண்டையில் பேர் வாங்கிக் கொடுத்தவர்களும் சின்ன எடைக்காரர்கள்தான். 1938இல் சிட்னியில் நடந்த எம்பயர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற பார்னி ஹென்றிகஸ் ஃபெதர்வெயிட். தோட்டத்தில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. 2016இல் எடுத்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் மட்டும் ஏறக்குறைய 32 சதவீதம். 2016இலேயே இப்படியென்றால், பஞ்ச காலத்தில் வளர்ந்த உடம்பைப் பற்றி என்ன சொல்வது? ஹெவிவெயிட் என்பதே வயிறார உண்டு வளர்ந்த நாட்டின் சொல் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். அதனால்தானோ என்னவோ, மாமாவுக்கு அந்த 96 கிலோ மனிதன்மேல் அப்படி ஒரு பிரியம்.

“நமக்கு மூச்சு இருக்கு, எடை இல்ல,” என்பார். “காலையில பேர் பதியுற பிரட்டுக்கு ஏறி, மலைக்கு ஏறி, சாயங்காலம் டவுனுக்கு எறங்கி ஏறின ஆளுக்கு மூச்சு வாங்குமா? அவனுக்கு எடை இருந்துச்சு, மூச்சுதான் இல்ல.”

மூச்சு. ஷேவர்ஸின் வாழ்க்கையை இந்த ஒரு சொல்லை வைத்தே எழுதிவிடலாம். முழு உடம்பையும் போட்டு வீசும் குத்துக்கு விலை அதிகம். பட்டால்கூடப் பரவாயில்லை, எதிராளியின் உடம்பு அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். படாமல் காற்றில் போனால், போன வேகத்தை நிறுத்தித் திரும்ப இழுப்பதும் குத்தியவன் தலையில்தான் விழுகிறது. பெரிய தசைக்கு இரத்தமும் காற்றும் நிறைய வேண்டும். வேகமாகத் தீர்ந்துபோகும், மெதுவாகத்தான் நிரம்பும். முதல் நாலு ரவுண்டில் முடித்துவிட்டால் வெற்றி. ஐந்தைத் தாண்டினால் ஒவ்வொரு ரவுண்டும் அவருக்கு எதிரி. எதிராளிகளுக்கும் இது தெரிந்துபோனது.

1973இல் ஒரே வருடத்தில் அவருடைய இரண்டு முகமும் தெரிந்தது. ஜூனில், மடிசன் ஸ்குவேர் கார்டனில், முன்னாள் உலக சாம்பியன் ஜிம்மி எல்லிஸ். தொடக்கத்தில் எல்லிஸ்தான் இவரை ஆட்டினார். பிறகு கீழிருந்து மேலே ஒரே ஒரு வலது; எல்லிஸ் முதல் ரவுண்டிலேயே விழுந்தார், எழவில்லை. அமெரிக்கா முழுவதும் பேச்சு. அப்போது ஷேவர்ஸின் விவகாரங்களைப் பார்த்தவர்களில் பேஸ்பால் வீரர் டீன் சான்ஸும் இருந்தார், சிறையிலிருந்து வெளிவந்து, சண்டைகளை ஏற்பாடு செய்யும் தொழிலுக்குப் புதிதாக நுழைந்த டொன் கிங்கும் இருந்தார். ஆறு மாதம் கழித்து டிசம்பரில், அதே அரங்கில், ஜெரி குவாரி. அந்தத் தடவை முதல் ரவுண்டில் விழுந்தது ஷேவர்ஸ்.

1975இல் டென்வரில் ரொன் லைல். இரண்டாம் ரவுண்டில் லைலைத் தரையில் சாய்த்தார். லைல் எழுந்தார். ஆறாம் ரவுண்டில் ஷேவர்ஸ் விழுந்தார். இந்த மாதிரிச் சண்டைகளை அடுக்கிக்கொண்டே போகலாம். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. லைல் சண்டையில் கவனிக்க வேண்டியது ஒன்று: அடித்து வீழ்த்துவதும் அடித்து முடிப்பதும் இரண்டு வேறு தொழில். முதல் தொழிலில் ஷேவர்ஸுக்கு ஈடு இல்லை. எழுந்து வருகிறவனை, பதற்றப்படாமல், சின்னச் சின்னக் குத்தாகப் போட்டு மூலைக்குத் தள்ளி முடிக்கும் இரண்டாவது தொழிலைக் கற்றுக்கொள்ளத்தான் அவருக்குக் காலம் கிடைக்கவில்லை.

அந்தத் தோல்விகளிலிருந்து ஷேவர்ஸ் ஒன்றும் படிக்கவில்லை என்று சொல்கிறார்கள். அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் பிரிவு. அவர் படித்தார். தன் மூச்சு தீர்ந்துபோகும் என்பதைப் படித்தார். அதைச் சேமிக்கக் கற்றுக்கொண்டார். அந்தப் பாடத்தோடுதான் 1977இல் அலியின் முன்னால் போய் நின்றார்.

அலிக்கு அப்போது 35 வயது, ஷேவர்ஸுக்கு 33. சம்பளம் அலிக்கு 30 லட்சம் டொலர், ஷேவர்ஸுக்கு 3 லட்சம். மொட்டைத் தலையைப் பார்த்து அலி அவருக்கு வைத்த பெயர் ஓக் மரத்து விதை. நடுவர் மேசையில் இவா ஷேன் உட்கார்ந்திருந்தார். ஹெவிவெயிட் உலகப் பட்டச் சண்டைக்குப் புள்ளி போட்ட முதல் பெண் அவர்தான். சண்டை 15 ரவுண்டு.

இரண்டாம் ரவுண்டில் நடந்ததை மேலே சொன்னேன். அலிக்கு உண்மையாகவே அடி பட்டிருந்தது. கால்கள் போய்விட்டன. அலி தன் நடிப்பை எடுத்துப் போர்த்திக்கொண்டார்: அடிபட்டதை மிகைப்படுத்தி, அடிபடாதவன் விளையாடுவதுபோல் காட்டினார். பார்க்கிறவனுக்கு எது நிஜம் என்று தெரியாது. ஷேவர்ஸுக்கும் தெரியவில்லை. பாய்ந்து போய் இருபது குத்துப் போட்டு, அலி நடித்திருந்தால், மூச்சுப் போய்விடும்; இன்னும் 13 ரவுண்டு பாக்கி. அவர் காத்திருந்தார்.

“போயிருக்கணும் மாமா,” என்றேன். “ரெண்டு குத்துப் போட்டிருந்தா முடிஞ்சது. உலக சாம்பியன்.”

“நீ இப்ப பாக்குற. பதினஞ்சும் முடிஞ்சு நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு பாக்குற. அவன் உள்ள நின்னு பாக்குறான். லைலுகிட்ட பாஞ்சு போய் என்ன ஆச்சு? மூச்ச மிச்சம் புடிச்சான். தப்பா?”

நான் பதில் சொல்லவில்லை.

“தப்பில்ல மாப்ள. ஒருத்தன் தன் கொறைய தெரிஞ்சு வெச்சிருக்கறது தப்பா? அன்னிக்கு ஒரு நிமிஷம் மட்டும் அத மறந்திருக்கணும். யாரால முடியும்?”

இதற்குப் பிறகு நாங்கள் நடு ரவுண்டுகளை வேகமாகவே பார்த்தோம். அலி குத்துவார், பிடிப்பார், கயிற்றில் சாய்வார். ஷேவர்ஸ் வலது கையைத் தேடிக்கொண்டே நடப்பார். அவருடைய இடது கை வழிகாட்டக் கற்றுக்கொண்ட கை அல்ல. வலதுக்கு இடம் பார்க்கிற கை. அலி ஒவ்வொரு ரவுண்டாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டே போனார்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு, எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம். அன்றைக்குத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் நடுவர்களின் புள்ளியைத் திரையில் காட்டினார்கள். அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி உடைமாற்றும் அறையில் ஒரு ஆளைத் தொலைக்காட்சி முன்னால் உட்கார வைத்து, புள்ளிகளைத் தனக்குச் சைகையில் சொல்ல ஏற்பாடு செய்திருந்தார். 12 ரவுண்டு முடிந்தபோது அலி நன்றாக முன்னால் இருக்கிறார், கடைசிவரை காலில் நின்றாலே போதும் என்பது அலியின் மூலையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஷேவர்ஸின் மூலையில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அவர் இருட்டிலேயே சண்டை போட்டார். டண்டி செய்தது விதிக்குப் புறம்பானதில்லை, புத்திசாலித்தனம்தான். இருந்தும் எனக்கு வலிக்கிறது. வாழ்க்கை முழுவதும் அனுபவசாலிகளிடம் தோற்ற மனிதன் அன்றைக்கும் அனுபவத்திடம்தான் தோற்றார்.

ஆனால் 13ஆம் ரவுண்டும் 14ஆம் ரவுண்டும் பாருங்கள். ‘மூச்சில்லாதவன்’ என்று பேர் வாங்கிய மனிதன், இரண்டாம் ரவுண்டிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்ததையெல்லாம் எடுத்து அங்கே கொட்டுகிறார். வலது, மறுபடியும் வலது. அலி பின்னால் போகிறார். தலையை நகர்த்தக்கூடத் தெம்பில்லாமல் வாங்கிக்கொள்கிறார். உலகத்தின் மிகச் சிறந்த ஹெவிவெயிட், சண்டையின் 40ஆவது நிமிடத்தில், மூச்சில்லாதவன் என்று எல்லோரும் எழுதிவைத்த ஆளிடம் அடி வாங்குகிறார். இதைப் பார்த்த பிறகும் ‘வரம்புள்ள வீரர்’ என்று ஒருவர் எழுதுவாரென்றால், அவர் எந்த வரம்பைச் சொல்கிறார்?

15ஆம் ரவுண்டில் அலி எங்கிருந்தோ தெம்பைத் திரட்டிக்கொண்டு வந்து ஷேவர்ஸைத் தள்ளாடவைத்தார் என்பது வரலாறு. மணி அடித்தபோது ஷேவர்ஸ் விழாமல் நின்றதே பெரிது. மூன்று பேரும் அலிக்கே கொடுத்தார்கள். இவா ஷேன் போட்டது 9-6. ஷேவர்ஸ் அடித்த அடியில் ஆபிரிக்காவில் இருக்கும் தன் சொந்தக்காரர் வரை அதிர்ந்துபோனதாக அலி பிற்பாடு சொன்னார். அலி இனிச் சண்டை போடக் கூடாது என்று அவருடைய வைத்தியர் ஃபெர்டி பச்சேகோ இதன் பிறகு விலகிக்கொண்டார். வென்றவனின் வைத்தியர் விலகுகிறார் என்றால் தோற்றவன் என்ன செய்திருக்க வேண்டும்!

இந்தச் செய்தி மாமாவுக்குக் கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டுக்குப் பிறகு மாமா சாஜன் மாத்தயா வீட்டுப் பக்கம் போகவில்லை. போக வீட்டில் விடவில்லை. அவருக்கும் மனசு வரவில்லை. அண்ணன் குடும்பம் எங்கே இருக்கிறதென்றே அப்போது தெரியாது. ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்தயாவே மலையேறி லயத்துக்கு வந்தார். வாசலில் நின்றார். அம்மாச்சி உள்ளே கூப்பிடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். மாத்தயா இடுப்பிலிருந்து மடித்த இங்கிலீஷ் பேப்பர் பக்கத்தை எடுத்து, வாசல் கல்லில் உட்கார்ந்து, பாதி சிங்களமும் பாதி தமிழுமாகச் சண்டையை வாசித்துச் சொன்னார். கலவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசித்து முடித்ததும் அம்மாச்சி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள். அடுத்த வாரம் மாமா மறுபடியும் இறங்கிப் போனார்.

மாமாவும் வலது கைக்காரர்தான். அதனால்தான் மாத்தயா அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்தார். மாமா மொத்தம் ஏழு சண்டை போட்டார், எல்லாம் எங்கள் ஊவா மாகாணத்துக்குள். ஐந்து வெற்றி, ஐந்தும் முதல் ரவுண்டில். 1978இல் கொழும்பில் நடக்கும் போட்டிக்கு மாத்தயா அவர் பேரைக் கொடுத்தார். படிவத்தில் அடையாள அட்டை இலக்கம் கேட்டிருந்தார்கள். மாமாவுக்கு அட்டை இல்லை. மலையகத் தமிழரிடமிருந்து 1948 சட்டம் பறித்த குடியுரிமை எங்கள் வீட்டுக்கு அப்போது திரும்பி வந்திருக்கவில்லை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று தாத்தா போட்ட விண்ணப்பம் ஒரு காரியாலயத்தில் கிடந்தது. மாத்தயா இரண்டு தடவை பஸ் ஏறிப்போய்ப் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை. அந்த வருடம் மாமாவுக்கு அத்தையோடு கலியாணம் முடிந்தது. பயிற்சிக்கென்று அரை நாள் போனால் அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான் விழும். சாக்கு அங்கேயே தொங்கியது. மாமா இந்தக் கதையைச் சொல்லும்போது குரல் உயராது. எனக்குத்தான் எழுதும்போது கை நடுங்குகிறது.

ஷேவர்ஸுக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது. 1979 மார்ச்சில் லாஸ் வேகஸில் கென் நோர்ட்டன். அலியின் தாடையை உடைத்தவர், முந்திய வருடம்வரை பட்டம் வைத்திருந்தவர். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தச் சண்டையில் மட்டும் ஷேவர்ஸ் மூச்சைப் பற்றி யோசிக்கவேயில்லை என்று தோன்றுகிறது. அடித்தார், போனார், மறுபடி அடித்தார், முடித்தார். செப்டம்பரில் லரி ஹோம்ஸோடு பட்டச் சண்டை. முந்திய வருடம் 12 ரவுண்டும் ஹோம்ஸ் அவரை எட்டவே விடாமல் வென்றிருந்தார். இந்தத் தடவை ஏழாம் ரவுண்டில் அந்த வலது கை ஹோம்ஸைக் கண்டுபிடித்தது. ஹோம்ஸ் மல்லாந்து விழுந்த விதத்தைப் பார்த்தால் சண்டை முடிந்தது என்றே எவரும் நினைப்பார்கள். எழுந்தார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஷேவர்ஸ் பாய்ந்தார், இந்தத் தடவை காத்திருக்கவில்லை. காற்றில் போன குத்து, தோளில் பட்ட குத்து, பிடித்துக்கொண்ட ஹோம்ஸ், மணி. அதோடு மூச்சும் போயிற்று. 11ஆம் ரவுண்டில் நடுவர் நிறுத்தினார்.

காத்திருந்தும் தோற்றார், பாய்ந்தும் தோற்றார். அவரிடம் இருந்த இரண்டு வழியையும் அவர் முயன்று பார்த்துவிட்டார். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான்? 1988இல் மைக் டைசனிடம் நாலாம் ரவுண்டில் வீழ்ந்த பிறகும், தன்னை மிகப் பலமாக அடித்தவர் ஷேவர்ஸ்தான் என்று ஹோம்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார்.

மீதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1980களில் தோல்விகள் கூடின. விழித்திரைக் கோளாறு வந்து 1983இல் நிறுத்தினார். பிற்பாடு மதபோதகரானார், பல வருடம் இங்கிலாந்தில் இருந்தார், லிவர்பூலில் ஒரு மதுக்கடை வாசலில் காவல் வேலை பார்த்தார். 1995இல், 51 வயதில், மறுபடியும் கையுறை போட்டு ஒரு சண்டை வென்றார். அடுத்ததில் இரண்டாம் ரவுண்டில் விழுந்தார். அது நடந்திருக்க வேண்டாம்.

லிவர்பூல் விஷயத்தைச் சொன்னபோது மாமா கேட்டது ஒரே கேள்வி: “வாசல்ல நின்னவன்கிட்ட எவனும் வம்புக்குப் போயிருக்க மாட்டானே?” போயிருக்க மாட்டார்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த இரவில் 14ஆம் ரவுண்டு முடியும்போது போனில் சார்ஜ் நாலு சதவீதம். ஷேவர்ஸ் தன் மூலைக்கு நடந்து போகிறார், நேராக, தலை நிமிர்ந்து. எதிர் மூலையில் அலி முக்காலியில் சரிந்து கிடக்கிறார். நான் வெளிச்சத்தைக் குறைத்து மிச்சத்தையும் பார்த்துவிடலாம் என்றேன்.

“போதும் மாப்ள,” என்றார் மாமா. “இதோட நிப்பாட்டு.”

மறுநாள் கரண்ட் இருந்தது. சார்ஜ் போட்டுக்கொண்டு போய்க் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். வீடியோவை அவர் போனுக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன். சின்ன மகன் சொல்கிறான், சில ராத்திரி எடுத்துப் பார்க்கிறாராம். 14ஆம் ரவுண்டு மணி அடித்ததும் நிறுத்திவிடுகிறாராம்.